ஜாவாவையும் சேர்த்தே அனுப்புங்கள்

ஈரோட்டில் ஜவுளிக் கடைகளுக்கும் மஞ்சள் மண்டிகளுக்கும் பில் போடும் மென்பொருள் எழுதித் தருவது என் தொழில். எல்லாமே ஜாவாவில் எழுதியவை, கடைக் கணினியிலேயே நிறுவி ஓட்டுபவை. இணையம் அறுந்தாலும் பில் நிற்கக் கூடாது என்பதால்தான் இன்னும் டெஸ்க்டாப்பை விடாமல் இருக்கிறேன். இந்தத் தொழிலில் நிரல் எழுதுவது பாதி வேலை. எழுதியதை முன்பின் தெரியாத ஒரு கணினியில் ஓடவைப்பது மீதிப் பாதி. அந்த மீதியைச் சொல்லித்தருபவர்கள் குறைவு.

1995-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஜாவாவை வெளியிட்டபோது, ஒருமுறை எழுதினால் எந்தக் கணினியிலும் ஓடும் என்பதே அதன் முழக்கம். ஜேம்ஸ் காஸ்லிங் குழு செய்த ஏற்பாடு இதுதான்: நாம் எழுதும் நிரல் நேராகக் கணினியின் மொழிக்கு மாறாது. பைட்கோடு என்ற இடைநிலை வடிவத்துக்கு மாறும். அதைப் படித்து ஓட்ட ஜேவிஎம் என்ற இன்னொரு மென்பொருள் வேண்டும். விண்டோஸ், மேக், லினக்ஸ் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஜேவிஎம் உண்டு. அந்த ஜேவிஎம்மை யார் நிறுவுவது? நெடுங்காலம் அது பயனர் தலையில்தான் விழுந்தது. தோசை மாவை வீடு தேடிக் கொடுத்துவிட்டு, அடுப்பை மட்டும் நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள் என்பதைப் போன்ற வேலை அது.

ஜாவா நிரல்களைக் கட்டும் வழக்கமான பொட்டலம் ஜார் ஃபைல். உள்ளே பார்த்தால் அது ஜிப் ஃபைல்தான். எந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று சொல்லும் மேனிஃபெஸ்ட் என்ற சின்னக் குறிப்பும் அதில் இருக்கும். ஜாவா இருக்கும் கணினியில் இரண்டு முறை தட்டினால் ஓடும். ஜாவா இல்லாமல் வின்ரார் இருந்தாலோ, அது "இது என்னுடையது" என்று எடுத்துக்கொள்ளும். ஒரு மண்டிக்காரர் போனில் கேட்டார்: "ஏம்மா, தட்டுனா என்னென்னமோ ஃபோல்டரா வருதுங்களே, பில்லு எங்கே போடுறது?" அவர் கேட்டதில் தவறே இல்லை. ஜாவா இருந்தும் பழைய பதிப்பாக இருந்தால் இன்னொரு வகைத் தொல்லை. ஜாவா 17-க்காகக் கட்டியதை ஜாவா 8-இல் ஓட்டினால், 61.0 என்ற எண்ணைக் காட்டி ஒரு பிழைச் செய்தி வரும். பில் கவுன்டரில் வரிசை நிற்கும்போது அந்த எண்ணை வைத்துக்கொண்டு கடைக்காரர் என்ன செய்வார்?

வருமான வரிக் கணக்குத் தாக்கலுக்குச் சில ஆண்டுகள் முன்புவரை எக்செல், ஜாவா என இரண்டு யூட்டிலிட்டிகள் இருந்தன. ஜாவாவைத் தேர்ந்தெடுத்தவர்கள், ஜேவிஎம்மை உள்ளடக்கிய ஜேஆர்இ என்ற தொகுப்பைத் தனியாக நிறுவியது நினைவிருக்கலாம். அன்றைய வழக்கம் அது.

2018-இல் ஜாவா 11 வந்தபோது இந்த வழக்கம் முடிவுக்கு வந்தது. இணையத்திலிருந்து நேராக நிரலைத் திறக்க உதவிய வெப் ஸ்டார்ட் நீக்கப்பட்டது. பயனருக்கென்று, ஜாவாவின் இன்றைய உரிமையாளரான ஆரக்கிள் தனியாகத் தந்துவந்த ஜேஆர்இ-யும் நின்றது. பலர் வருந்தினார்கள். நான் இதை நல்லது என்றே சொல்வேன். சுமை, அதைச் சுமக்க வேண்டிய நிரலாளர் தோளுக்கு வந்து சேர்ந்தது.

சுமக்கக் கருவிகளும் வந்துவிட்டன. ஜாவா 9-இல் ஜாவா நூலகமே மாட்யூல்களாகப் பிரிக்கப்பட்டது. நம் நிரலுக்குத் தேவையான மாட்யூல்களை மட்டும் எடுத்துச் சின்ன ஜாவா ஒன்றைக் கட்டித் தருவது ஜேலிங்க். அதையும் நம் ஜாரையும் சேர்த்து விண்டோஸுக்கு எம்எஸ்ஐ, மேக்குக்கு டிஎம்ஜி, உபுண்டுவுக்கு டெப் என்று இன்ஸ்டாலராக மாற்றுவது ஜேபேக்கேஜ். 2021-இல் ஜாவா 16-உடன் அது முழுமையாக வந்தது. என் இன்ஸ்டாலர் ஐம்பது, அறுபது எம்பிக்குள் அடங்கிவிடுகிறது. கடைக்காரர் ஜாவா என்ற பெயரையே கேள்விப்பட வேண்டியதில்லை.

தமிழில் மென்பொருள் செய்பவர்கள் ஓர் இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். எந்த மாட்யூல்கள் தேவை என்று ஜேடெப்ஸ் என்ற கருவி பட்டியல் தரும். ஆனால் பிறமொழிகளின் மாதப் பெயர், கிழமைப் பெயர் எல்லாம் இருக்கும் லொகேல்டேட்டா மாட்யூலை அது கண்டுபிடிக்காது. அதை நாமே சேர்க்காவிட்டால், நம் கணினியில் "செவ்வாய்" என்று வந்த பில் கடையில் "டியூஸ்டே" என்று வரும். பிழைச் செய்தி எதுவும் வராது. எழுத்துருவையும் கடைக் கணினியை நம்பி விடாதீர்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசமாகக் கிடைக்கிறது, ஜாருக்குள்ளேயே வைத்துவிடலாம்.

விண்டோஸ் இன்ஸ்டாலரை விண்டோஸில்தான் கட்ட முடியும், அதற்கு விக்ஸ் என்ற கருவியும் வேண்டும். மேக்குக்கு மேக், உபுண்டுவுக்கு லினக்ஸ். மூன்று கணினியும் இல்லாதவர்கள் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் வாடகைக் கணினிகளைக் கொண்டு கட்டிக்கொள்ளலாம். ஒவ்வொரு வெளியீட்டிலும் பதிப்பு எண்ணைக் கூட்டுங்கள், அப்போதுதான் புதியது பழையதை எடுத்துவிட்டு அமரும். பில் விவரங்களை நிரல் இருக்கும் ஃபோல்டரில் ஒருபோதும் வைக்காதீர்கள். ப்ரோகிராம் ஃபைல்ஸுக்குள் எழுத சாதாரணப் பயனருக்கு அனுமதி கிடையாது. தரவுக்குப் பயனரின் சொந்த ஃபோல்டர்தான் இடம்.

காசு கேட்கும் கட்டம் கையொப்பம். டிஜிட்டல் கையொப்பம் இல்லாத இன்ஸ்டாலரைத் திறந்தால் விண்டோஸ் நீலப் பெட்டியில் எச்சரிக்கும். 2023 ஜூன் முதல் அந்தக் கையொப்பச் சாவியை வன்பொருள் டோக்கன் போன்ற பாதுகாப்பான கருவியில்தான் வைக்க வேண்டும் என்பது விதி, செலவு கூடிவிட்டது. மேக் இன்ஸ்டாலரில் கையொப்பமிட ஆப்பிளுக்கு ஆண்டுக்கு 99 டாலர். சிறு நிரலாளர்களுக்கு இது உண்மையிலேயே கனம். ஆனாலும் எச்சரிக்கையைப் புறக்கணிக்கும்படி பயனரைப் பழக்குவது அதைவிட மோசம். அந்தப் பழக்கம் நாளை ஒரு வைரஸுக்கும் கதவைத் திறந்துவிடும்.

கல்லூரி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். இறுதியாண்டு ப்ராஜெக்ட்டை எக்லிப்ஸுக்குள் ஓட்டிக் காட்டினால் மதிப்பெண் போட்டுவிடாதீர்கள். ஜாவாவே இல்லாத ஒரு கணினியை மாணவர் முன் வைத்து, அதில் நிறுவி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.