வன்னி மரமும் அதன் பெருமையும்

மழை பொய்த்த காலத்தும் குடியானவரைக் கைவிடாத விருட்சங்கள் சில உள. அவற்றுள் ராஜஸ்தானத்துத் தார்ப் பாலைவனத்தில் வளரும் வன்னி முதன்மையானது. வடமொழியில் இது சமீ எனவும், அப்பிரதேசத்தார் வழக்கில் கேஜ்ரி எனவும் வழங்கும். 1983-ஆம் ஆண்டில் இது ராஜஸ்தானின் மாநில மரமாக அறிவிக்கப்பெற்றது.

இதன் ஆணிவேர் மணலை ஊடுருவி வெகு ஆழம் சென்று ஈரத்தைப் பற்றும். ஆகையால் கடுங்கோடையிலும் இது தளிர்க்கின்றது. நிழல் அடர்த்தியற்றது, வேரும் மேல்மண்ணின் ஈரத்திற்குப் பயிருடன் அதிகம் போட்டியிடுவதில்லை. அன்றியும், வேரில் வாழும் நுண்ணுயிர்களின் துணையால் காற்றிலுள்ள நைட்ரஜனை நிலத்திற்குச் சேர்க்கும். இக்காரணங்களால் அந்நாட்டார் கம்பு முதலியவற்றை இம்மரத்தடியிலேயே பயிரிடுகின்றனர். தழை ஆடு, ஒட்டகங்களுக்குத் தீவனமாகும். சாங்கிரி எனப்படும் இளங்காயை உலர்த்திச் சேமித்து, வேண்டியபோது கறி சமைப்பர். 1899–1900-ஆம் ஆண்டுப் பெரும் பஞ்சத்தில் இதன் பட்டையையே பொடித்துண்டு பலர் உயிர் தரித்தனர்.

இத்தகைய மரத்தை ஜனங்கள் தெய்வமாகப் போற்றியதில் வியப்பில்லை. 1730-ஆம் ஆண்டில் ஜோத்பூர் அரசனின் ஆட்கள் மரம் வெட்டக் கேஜர்லி கிராமத்திற்கு வந்தபோது, பிஷ்னோய் வகுப்பைச் சேர்ந்த அமிருதா தேவி மரத்தைத் தழுவி நின்று உயிர் நீத்தார். அவரைத் தொடர்ந்து மடிந்தவர்களையும் சேர்த்து 363 பேர் என்பர். பாண்டவர் அஞ்ஞாதவாசத்தில் தம் ஆயுதங்களை மறைத்து வைத்ததும் இம்மரத்திலேயே என்பது பாரதக் கதை. விஜயதசமியன்று இதனைப் பூஜிப்பது பல நாடுகளிலும் உள்ள வழக்கம். தமிழ்நாட்டில் விருத்தாசலம் கோயிலின் தலவிருட்சமும் வன்னியே.

எனினும் இம்மரத்திற்கு இக்காலத்தில் கேடுகள் பல நேர்ந்துள்ளன. தழைக்காக ஆண்டுதோறும் மொட்டையாக வெட்டுவதாலும், டிராக்டர் உழவில் இளங்கன்றுகள் அழிவதாலும், நிலத்தடி நீர் தாழ்வதாலும் ராஜஸ்தானில் மரங்கள் பட்டுப்போகின்றன. தழை கழிப்போர் உச்சிக் கிளைகளை விட்டு, கீழ்க்கிளைகளை மாத்திரம் கழித்தல் வேண்டும்.

தமிழ்நாட்டில் நேரக்கூடிய கேடு வேறு. சீமைக் கருவேலத்தை அகற்றும்போது வன்னியும் அதுவென மயங்கி வெட்டப்படலாம். சீமைக் கருவேலத்தில் நீண்ட முட்கள் கணுக்களில் பெரும்பாலும் இணையாக நிற்கும்; வன்னியில் சிறு முட்கள் கணுக்களுக்கு இடையே சிதறி நிற்கும். கோடரி எடுக்குமுன் நிலச்சுவான்தார்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் இவ்வேற்றுமையை நேரிற்கண்டு தெளிதல் அவசியம். வரப்பில் தானே முளைத்த வன்னிக்கன்று ஒன்றைக் காப்பது, வறண்ட ஆண்டுக்கென இன்றே சேர்த்து வைக்கும் தீவனத்திற்கு ஒப்பாகும்.