ராமேஸ்வரம்: முறை வைத்து வாழும் தீவு

ராமநாதபுரம் மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், பாம்பன் கால்வாய் எனப்படும் குறுகிய கடற்பகுதி பெருநிலத்திலிருந்து பிரித்து வைத்திருக்கும் பாம்பன் தீவில், மேற்கே பாம்பனும் நடுவே தங்கச்சிமடமும் கிழக்கே ராமேஸ்வரமும் அமைந்திருக்க, தென்கிழக்காக நீண்டு மெலியும் மணல்வாலில் தனுஷ்கோடி கிடக்கிறது. இவற்றுள் நகராட்சித் தகுதி பெற்றது ராமேஸ்வரம் ஒன்றே. 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அந்நகரில் 44,856 பேர் வாழ்ந்ததாகக் காட்டுகிறது. தீர்த்தமாடி, இராமநாதசுவாமியைத் தரிசித்து, தனுஷ்கோடியையும் பார்த்துவிட்டு அன்றே ஊர் திரும்பும் பயணிக்கு இது கோயில் நகரமாகவே தெரியும். அங்கேயே பிறந்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, ரேஷன் வாங்கி, வீட்டு வரி கட்டி வாழ்பவருக்கோ, ஒரே கடலையும் ஒரே கால்வாயையும் ஒரே நிலத்தடி நீரையும் ஒரே வீதிகளையும் பலரும் பயன்படுத்தியாக வேண்டிய நெருக்கமான இடம் அது. நெருக்கமான இடத்தில் பூசலின்றி வாழ வேண்டுமானால் முறை வைத்துக்கொள்ள வேண்டும். இத்தீவின் அன்றாட வாழ்வைக் கூர்ந்து நோக்கினால், காற்றும் நிலவும் வகுத்த முறைகள், அரசு விதித்த முறைகள், மக்கள் தாமே கூடி ஏற்படுத்திக்கொண்ட முறைகள் என மூவகை முறைகள் அதைத் தாங்கி நிற்பதைக் காணலாம்.

இரு கடல்கள், இரு காற்றுகள்

தீவின் வடக்கே இருப்பது பாக் நீரிணை. தெற்கே இருப்பது மன்னார் வளைகுடா. முன்னது ஆழம் குறைந்து, பெரும்பாலான நாள்களில் அலை அடங்கிக் கிடப்பதால் உள்ளூரார் அதைப் பெண்கடல் என்றும், பின்னது ஆழமும் அலையும் மிகுந்திருப்பதால் அதை ஆண்கடல் என்றும் வழங்குகின்றனர். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், மீனவர் கச்சான் எனக் குறிப்பிடும் காற்று தென்கரையைக் கொந்தளிக்கச் செய்ய, வடகரை தொழிலுக்கு ஏற்றதாகிறது. ஐப்பசிக்குப் பின் வாடைக்காற்று எழுந்ததும் நிலைமை தலைகீழாகி, வடகரையில் அலை புரண்டு தென்கரை அமைதியுறுகிறது. இதனால் தனுஷ்கோடிப் பகுதியில் கரைவலை இழுத்தும் சிறு வள்ளங்களைச் செலுத்தியும் வாழும் குடும்பங்கள், ஒரு பருவத்தில் ஒரு கரையிலும் மறுபருவத்தில் மறுகரையிலுமாகத் தொழிலை மாற்றிக்கொள்கின்றன. நீண்ட வலையைப் படகில் கொண்டுபோய்க் கடலில் அரைவட்டமாக விரித்துவிட்டு, அதன் இரு முனைகளையும் கரையில் நின்றபடியே பலர் சேர்ந்து இழுப்பதே கரைவலை. இரு கடல்களுக்கும் இடையிலான நிலம் அங்கு மிகக் குறுகியது என்பதே இந்த இடமாற்றத்தை எளிதாக்குகிறது.

அந்தக் குறுகலே ஆபத்துமாயிற்று. 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய பெரும்புயலில், பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற பயணிகள் ரயிலை அலை அடித்துச் செல்ல, அதிலிருந்தோர் மாண்டனர். நிலையமும் சுங்க அலுவலகமும் தேவாலயமும் கொண்டிருந்த தனுஷ்கோடி நகரம் அழிந்து, மக்கள் வாழத் தகுதியற்ற இடமென அறிவிக்கப்பட்டது. பாம்பன் துறைமுக அலுவலகக் கம்பத்தில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டின் எண்ணைத் தீவு மக்கள் இன்றும் அக்கறையோடு கேட்டறிவதற்கு அந்த நினைவும் ஒரு காரணம். 1 முதல் 11 வரையிலான இவ்வெண்கள், புயல் எவ்வளவு தொலைவில் உள்ளது, துறைமுகத்துக்கு எவ்வளவு கேடு நேரலாம் என்பவற்றைப் படிப்படியாக உணர்த்துபவை.

கால்வாயில் ரயிலுக்கும் கப்பலுக்கும் வழி

பெருநிலத்தோடு தீவை இணைத்த முதல் பாலம் 1914ஆம் ஆண்டு பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்ட ரயில் பாலமாகும். இலங்கையின் தலைமன்னாருக்குக் கப்பலேற வேண்டிய பயணிகளை தனுஷ்கோடி வரை கொண்டுசேர்ப்பதே அதன் முதன்மை நோக்கம். ஆனால், அதே கால்வாய் வழியாகத்தான் மன்னார் வளைகுடாவுக்கும் பாக் நீரிணைக்கும் இடையே சிறு கப்பல்கள் சென்றாக வேண்டும் என்பதால், பாலத்தின் நடுப்பகுதி இரு இறக்கைகளாக மேல்நோக்கித் திறக்கும் வகையில் அமைக்கப்பட்டது. கப்பல்கள் நங்கூரமிட்டுக் காத்திருக்க, ரயில் இல்லாத நேரம் பார்த்து ஊழியர்கள் நெம்புகோல்களைத் தள்ளி அந்த இறக்கைகளைத் திறந்து வந்தனர். காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயில்தான் காத்திருக்க வேண்டியிருந்தது.

சாலைப் பாலம் 1988 அக்டோபரில் திறக்கப்படும் வரை, ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டுக் காலம், தீவிலிருந்து வெளியேற ரயிலையும் படகையும் தவிர வேறு வழி இல்லை. 1964 புயலில் சிதைந்த ரயில் பாலத்தைப் பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையிலான குழு 46 நாள்களில் சீரமைத்தது ஒரு பொறியியல் சாதனையாகப் பேசப்படுகிறது. தீவிலிருந்து பார்த்தால், வாழ்வதற்கான வழி மீண்டும் திறந்த நிகழ்வு அது. பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றுபோனபோது பயணிகள் பெருநிலத்திலுள்ள மண்டபம் ஊரிலோ ராமநாதபுரத்திலோ இறங்கிப் பேருந்து மாற வேண்டியதாயிற்று. 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலத்தில், 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலெழுந்து கப்பலுக்கு வழிவிடுகிறது. மனிதக் கையின் இடத்தை மின்விசை பிடித்துக்கொண்டாலும், ரயில் போனபின் கப்பல், கப்பல் போனபின் ரயில் என்ற ஏற்பாட்டில் மாற்றம் இல்லை.

படகுகளின் நாள்கள்

தீவின் பொருளாதாரத்தில் கோயிலுக்கு நிகரான இடம் மீன்பிடிப்புக்கு உண்டு. எந்திரத்தால் இயங்கி, கடலடியில் இழுவலையை இழுத்துச் செல்லும் விசைப்படகுகளும், சிறு இயந்திரமோ பாயோ கொண்டு மென்மையான வலைகளைப் பயன்படுத்தும் நாட்டுப்படகுகளும் ஒரே நேரத்தில் ஒரே கடலில் இறங்கினால், இழுவலையில் சிக்கி நாட்டுப்படகு வலைகள் அறுபடும். இப்பூசலைத் தவிர்க்கவே பாக் நீரிணையில் வாரத்தில் மூன்று நாள்கள் விசைப்படகுகளுக்கும் எஞ்சிய நான்கு நாள்கள் நாட்டுப்படகுகளுக்கும் என்ற ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. விசைப்படகுக்குரிய நாளில் மீன்வளத்துறை வழங்கும் அனுமதிச் சீட்டான டோக்கனைப் பெற்றுப் புறப்படும் படகுகள், இரவு முழுதும் கடலில் தங்கி மறுநாள் காலையில் கரை சேர்கின்றன. இறாலும் நண்டும் கணவாயும் தனித்தனியே பிரிக்கப்பட்டு ஐஸ் இட்டு வெளியூர் போக, உணவுக்கு ஆகாத சிறுமீன் குவியலான சங்காயம் தீவன ஆலைகளுக்கு விலை போகிறது. ஆகவே ராமேஸ்வரத்தில் ஒரு தெருவின் கடைகளில் பணம் புழங்குகிறதா என்பது கிழமையைப் பொறுத்தும் மாறக்கூடியது.

ஆண்டுக்கு ஒருமுறை மீனுக்கும் முறை வருகிறது. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலத்தைக் கருதி, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வது தடைசெய்யப்படுகிறது. படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்ப்பதும் சாயம் பூசுவதும் வலை முடைவதும் அந்நாள்களின் வேலைகள். குடும்பம் ஒன்றுக்கு 5,000 ரூபாயாக இருந்த தடைக்கால நிவாரணம், 2023ஆம் ஆண்டு மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டின் அறிவிப்பால் 8,000 ரூபாயாக உயர்ந்தது. இரண்டு மாதச் செலவுக்கு அது போதாமல், கேரளத் துறைமுகங்களுக்குக் கூலி வேலைக்குப் போவோரும் உளர். அதே ஏப்ரல், மே மாதங்களில் பள்ளி விடுமுறையால் பயணிகள் பெருக, விடுதிகளும் ஆட்டோக்களும் நிறைந்துவிடுகின்றன. கடல் மூடப்படும் காலத்தில்தான் கரையின் வியாபாரம் செழிக்கிறது. எனினும் ஒரு தொழிலின் வருவாய் மற்றத் தொழிலின் கைகளுக்கு எளிதில் போய்ச் சேர்வதில்லை.

அமாவாசைக்கு இரு வேலைகள்

கோயிலின் நாள்காட்டியில் ஆடி அமாவாசையும் தை அமாவாசையும் உச்ச நாள்கள். கோயிலின் கிழக்கே அக்கினி தீர்த்தமெனப் போற்றப்படும் கடலில் முன்னோர்க்குத் தர்ப்பணம் செய்து நீராடிய மக்கள், கோயிலுக்குள் உள்ள 22 தீர்த்தங்களிலும் வரிசையாக நீராடுகின்றனர். பெரும்பாலும் கிணறுகளாக உள்ள இத்தீர்த்தங்களின் விளிம்பில் நின்று, சிறு வாளியைக் கயிற்றில் இறக்கி நீர் மொண்டு பயணிகளின் தலையில் ஊற்றுவது யாத்திரைப் பணியாளர்களின் பிழைப்பு. ஈரத் துணியோடு கூட்டம் நகரும் அந்நாள்களில், உள்ளூர்க் குடும்பங்கள் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் போகவேண்டிய வேலையை முன்னதாகவோ பின்னதாகவோ வைத்துக்கொள்ளும்.

அமாவாசையும் பௌர்ணமியும் பாம்பன், சின்னப்பாலம் போன்ற ஊர்களின் பெண்களுக்கு வேறொரு வகையில் முக்கியமானவை. ஞாயிறும் திங்களும் பூமியும் ஏறத்தாழ ஒரே நேர்க்கோட்டில் அமையும் அந்நாள்களை ஒட்டி ஏற்றவற்றம் மிகுந்து, நீர் நன்றாக வற்றும் வேளையில் பாறைப் பகுதிகளில் கடற்பாசி சேகரிப்பது எளிதாகிறது. சேலைமேல் சட்டை அணிந்து, விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, இடுப்பில் வலைப்பையைக் கட்டிக்கொண்டு மூச்சடக்கி மூழ்கும் இப்பெண்கள், அகர் எனும் கூழ்ப்பொருளுக்கு மூலமான மரிக்கொழுந்துப் பாசியையும், ஆல்ஜினேட் எனும் கெட்டிப்படுத்தும் பொருளுக்கு உதவும் கட்டக்கோரையையும் பறிக்கின்றனர். அவர்கள் செல்லும் தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட 21 தீவுகளைச் சேர்ந்தவை என்பதால் வனத்துறையோடு உரசல் எழுந்தது. அப்போது அப்பெண்கள் கூடிப் பேசி, மாதத்தில் 12 நாள்கள் மட்டுமே பாசி எடுப்பதென்றும், மீன்பிடித் தடைக்காலத்தில் எடுப்பதில்லையென்றும், பவளப்பாறையைப் பெயர்க்காமல் கையால் மட்டுமே பறிப்பதென்றும் தமக்குத்தாமே விதி வகுத்தனர். இம்முயற்சியில் முன்நின்ற சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015ஆம் ஆண்டின் சீகாலஜி விருது அளிக்கப்பட்டது.

மணலுக்கு அடியில் நீர்

சுற்றிலும் உப்பு நீர் சூழ்ந்த இத்தீவில் ஆறு எதுவும் இல்லை. மழைநீர் மணலில் இறங்கி, அடியில் உள்ள உப்புநீரின்மேல் ஒரு படலமாக மிதந்து நிற்கிறது. தனுஷ்கோடியில் கடலுக்குச் சில அடி தொலைவில் மணலைக் கையால் தோண்டினால் குடிக்கத்தக்க நீர் ஊறுவது இதனால்தான். கடல்நீர் நன்னீரைவிட நூற்றுக்கு இரண்டரைப் பங்கு கூடுதல் அடர்த்தி உடையது ஆதலால், கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி உயரம் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பதடி வரை அது உப்புநீரை அழுத்தி வைத்திருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் அடிப்படைக் கணக்கு. இதைத் திருப்பிப் படித்தால், ஓரடி நீரை மிகையாக இறைப்பவர் அடியிலிருந்து நாற்பதடி உப்பை மேலே வரவழைக்கிறார் என்றாகும். ஐப்பசி, கார்த்திகை மழை நிரப்பியதைக் கோடை முழுதும் அளந்து செலவிட்ட வரை இந்தக் கணக்கு தாங்கியது. விடுதிகள் பெருகி, ஒவ்வொன்றிலும் மோட்டார் நாள் முழுதும் ஓடும் நிலையில், குழாய் வழியே வரும் காவிரிக் கூட்டுக் குடிநீரையும் லாரி நீரையும் தீவு நம்பியிருக்க வேண்டியுள்ளது.

எல்லையில் முறிந்த முறை

முறை வகுக்கப்படாத இடத்தில் என்ன நேரும் என்பதற்குப் பாக் நீரிணையின் நடுவே செல்லும் பன்னாட்டுக் கடல் எல்லையே சான்று. 1974, 1976 ஆண்டுகளின் ஒப்பந்தங்கள் எல்லையை வரைந்து கச்சத்தீவை இலங்கையின் பக்கம் சேர்த்தன. மீனும் இறாலும் அக்கோட்டை அறியா. எல்லை தாண்டியதாக ராமேஸ்வரம் மீனவர் கைதாவதும், படகுகள் பறிமுதலாவதும் தொடர்கின்றன. மறுபுறம், போருக்குப் பின் தொழிலை மீட்டெடுக்க முயலும் வட இலங்கைத் தமிழ் மீனவர், இழுவலைகள் தம் வலைகளையும் கடலடியையும் சிதைப்பதாக முறையிடுகின்றனர். அவர்களின் நாடு 2017இல் இழுவலை மீன்பிடிப்பையே சட்டத்தால் தடைசெய்தது. இரு தரப்பு மீனவப் பிரதிநிதிகளும் ஒன்றுக்கு மேற்பட்ட முறை நேரில் அமர்ந்து பேசியும், நிலைத்து நிற்கும் உடன்பாடு அமையவில்லை. கச்சத்தீவின் அந்தோணியார் திருவிழாவில் மட்டும், ஆண்டுக்கு ஒருமுறை, வேர்க்கோடு தேவாலயப் பங்கின் ஏற்பாட்டில் படகேறிச் செல்லும் தீவு மக்கள் மறுகரையினரோடு ஒன்றாக வழிபடுகின்றனர். 2024இல் படகோட்டிகள் சிறைப்பட்டதைக் கண்டித்து அப்பயணத்தையும் ராமேஸ்வரம் மீனவர் புறக்கணித்தனர்.

ராமேஸ்வரத்தின் வளர்ச்சி குறித்த பேச்சு பெரும்பாலும் பாலம், சாலை, விடுதி என வருவோரின் வசதியைச் சுற்றியே அமைகிறது. தனுஷ்கோடியின் அரிச்சல்முனை வரை 2017இல் சாலை திறக்கப்பட்ட பின் வாகனங்களின் வரவு பெருகியதும் அதன் விளைவே. வந்து போகும் எண்ணிக்கைக்கு வரம்பில்லை; நிலத்தடி நீருக்கும் வீதிக்கும் வரம்பு உண்டு. விசைப்படகுக்கு நாள் குறிக்கவும், பாசிக்கு 12 நாள்கள் என வரையறுக்கவும், கப்பலுக்காக ரயிலை நிறுத்தவும் இசைந்த ஊர், வாகனத்துக்கும் ஆழ்துளைக் கிணற்றுக்கும் அவ்வாறே அளவு குறிக்கும் அதிகாரத்தைக் கேட்பது இயல்பான கோரிக்கையே. மேற்கண்ட முறைகளுள் நீடித்தவை யாவும், அத்தொழிலில் இருப்போர் வகுத்தவையாகவோ, அவர்கள் ஒப்பி நின்றவையாகவோ உள்ளன என்பதால், இனி வகுக்கப்படுபவற்றிலும் முதற்சொல் தீவில் குடியிருப்போருடையதாக இருத்தல் வேண்டும்.