கைக்குக் கீழே இருக்கும் பெயர்

தாத்தா சேர்த்து வைத்த காசு டப்பா பல வீடுகளில் உண்டு. ஓட்டைக் காலணா, விக்டோரியா ராணி தலை போட்ட வெள்ளி ரூபாய், நயா பைசா என்று கலந்து கிடக்கும். இவற்றை அடையாளம் காண யார் உதவியும் வேண்டாம். ஆண்டு அவற்றின் மேலேயே பொறித்திருக்கும். திகைக்க வைப்பது டப்பாவின் அடியில் கிடக்கும் கறுத்த செப்புக் காசுதான். ஒரு பக்கம் ஆள் நிற்பது போலக் கோடுகள், மறு பக்கம் ஆள் உட்கார்ந்திருப்பது போல. ஆண்டு கிடையாது. ஓரத்தில் ஏதோ எழுத்து.

தருமபுரி மாவட்டத்து வீடொன்றில் இப்படி ஒரு காசு அகப்பட்டால், முதலில் நினைத்துப் பார்க்க வேண்டிய பெயர் ராஜராஜ சோழன். அதற்கு வலுவான காரணம் இருக்கிறது. தகடூர் என்ற பழம்பெயர் கொண்ட இந்த ஊரில், கி.பி. 893-ஐச் சேர்ந்த நுளம்ப அரசன் மகேந்திரனின் கல்வெட்டு உண்டு. நுளம்பர் ஆண்ட நாட்டுக்கு நுளம்பபாடி என்று பெயர். அடுத்த நூற்றாண்டின் இறுதியில் ராஜராஜன் (985 – 1014) அதைப் பிடித்தான்; கங்கபாடியோடு சேர்த்து நுளம்பபாடியையும் அவனுடைய மெய்க்கீர்த்தி சொல்கிறது. படை வந்த வழியில் நிர்வாகம் வந்தது, வரி வந்தது, காசும் வந்தது.

அவனுடைய செப்புக் காசு தமிழகத்திலும் இலங்கையிலும் ஏராளமாகக் கிடைப்பது. சுமார் நான்கு கிராம் எடை. நிற்கும் உருவத்தின் இரு பக்கமும் வேட்டியின் மடிப்புகள் தொங்கும், கையில் ஒரு மலர். முகம் முகமாகவே தெரியாது. சில கோடுகளும் புள்ளிகளும்தான். காசைத் திருப்பினால், உட்கார்ந்திருக்கும் உருவத்தின் கைக்குக் கீழே எழுத்துகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். தமிழ் எழுத்து அல்ல, நாகரி. 'ஸ்ரீ ராஜராஜ' என்று படிக்க வேண்டும்.

இங்கேதான் நிதானம் தேவை. உருவத்தைப் பார்த்த மாத்திரத்தில் சோழன் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஈழத்திலிருந்து சோழர் 1070 வாக்கில் விரட்டப்பட்ட பிறகும், அந்தத் தீவின் அரசர்கள் இதே நின்ற, அமர்ந்த உருவங்களைக் கைவிடவில்லை. பொலன்னறுவையிலிருந்து ஆண்ட பராக்கிரமபாகு, நிசங்கமல்லன், சாகசமல்லன் எல்லோரும் இதே அமைப்பில் காசு அடித்தார்கள். எழுத்தும் அதே நாகரிதான். அதிலும் லீலாவதி என்ற அரசியின் காசு பெரிய பொறி. மூன்று முறை அரியணை ஏறி இறங்கிய அவர் பெயர் காசில் 'ஸ்ரீ ராஜ லீலாவதி' என்று இருக்கும். 'ஸ்ரீ ராஜ' வரை படித்துவிட்டு ராஜராஜன் என்று மகிழ்ந்தவர், மீதி எழுத்தையும் பார்த்தாக வேண்டும். அச்சு பெரிதாகவும் செப்பு வில்லை சிறிதாகவும் இருந்தால் அந்த மீதி எழுத்தே காசில் விழுந்திருக்காது. அப்போது பெயர் சொல்லாமல் விடுவதே நேர்மை.

தருமபுரிக்கு இன்னும் நெருக்கமான காசு ஒன்று உண்டு. அது பொன். 1116 வாக்கில் சோழரிடமிருந்து தலைக்காட்டைப் பறித்த ஹொய்சள விஷ்ணுவர்த்தனன், தன் வெற்றிகளையே காசில் பொறித்தான். ஒரு வகையில் 'ஸ்ரீ தலக்காடு கொண்ட', இன்னொன்றில் 'ஸ்ரீ நொளம்பவாடி கொண்ட' என்று பழங்கன்னட எழுத்து. மறு பக்கம் சிங்கம். நுளம்பபாடியைத்தான் கன்னடத்தில் அப்படிச் சொல்கிறார்கள். ஒரே நாட்டைப் பிடித்த செய்தியைச் சோழன் கல்லில் வெட்டினான், ஹொய்சளன் பொன்னில் அடித்தான். இந்தக் காசுகளையெல்லாம் வகைப்படுத்தி 'தென்னிந்திய நாணயங்கள்' என்ற நூலை வால்டர் எலியட் 1886-இல் வெளியிட்டபோது, சென்னை மாகாணத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றிருந்த அவருக்குப் பார்வை ஏறக்குறையப் போய்விட்டிருந்தது. வாழ்நாளெல்லாம் சேர்த்த காசுகளின் விவரத்தை அந்த நிலையிலும் அவர் எழுதி முடித்தார்.

காசு கிடைத்ததும் பலரும் செய்யும் காரியம், புளி போட்டு விளக்குவது. தயவுசெய்து வேண்டாம். குத்துவிளக்கைப் பளபளப்பாக்கும் அதே புளி, ஆயிரம் ஆண்டாகச் செம்பின் மேல் படிந்த களிம்போடு எழுத்தின் விளிம்பையும் அரித்துவிடும். மண்ணை மென்மையான தூரிகையால் தட்டிவிட்டால் போதும். பிறகு செல்பேசி விளக்கை நேராகக் காட்டாமல் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்துப் பார்க்க வேண்டும். தேய்ந்த எழுத்தின் நிழல் விழும். கண்ணுக்குத் தெரியாத கோடு அப்போது தெரியும். நகைக்கடைத் தராசில் எடை, அளவுகோலில் விட்டம், இரு பக்கத்துக்கும் தெளிவான படம். விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடு ஓடினால் எச்சரிக்கை தேவை. சோழன் காசு அச்சில் அடித்தது. ஒட்டுக்கோடு வார்ப்புப் போலிகளில் வருவது.

இதைவிட முக்கியமான ஒன்றைக் குடும்பங்கள் தவறவிடுகின்றன. காசு எந்த ஊரில், எந்த நிலத்தில் கிடைத்தது என்பதை ஒரு சீட்டில் எழுதிக் காசோடு வைக்க வேண்டும். பாட்டிக்கு நினைவிருந்தால் இன்றே கேட்டுவிடுவது நல்லது. இடம் தெரிந்த தேய்ந்த காசு, இடம் தெரியாத பளபளப்பான காசைவிட ஆய்வாளருக்குப் பெரிது. பாலக்கோட்டிலோ பென்னாகரத்திலோ கிடைத்தது என்று உறுதியானால், சோழர் செம்பு எதுவரை புழங்கியது என்ற கேள்விக்கு அது ஒரு சான்று.

காட்டிக் கேட்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. தமிழ்நாடு தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் தருமபுரியிலேயே இருக்கிறது; எழும்பூர் அருங்காட்சியகத்தில் பெரிய நாணயத் தொகுப்பு உள்ளது. வீட்டில் வழிவழியாக வந்த காசை வைத்திருப்பதில் பயம் வேண்டாம். ஆனால் நூறாண்டு கடந்த காசை வெளிநாட்டுக்கு விற்று அனுப்ப 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் இடம் தராது. உழும்போதோ கடைக்கால் தோண்டும்போதோ பானை நிறையக் காசு வெளிப்பட்டால் கதை வேறு: 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி அதை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும்.