லேஞ்சியும் ஆளிப் பயிரும்

தாமிரபரணி கடலோடு கலக்குமிடத்தில் அமைந்த புன்னைக்காயல், முத்துக்குளித்துறையின் பழைய ஊர்களுள் ஒன்று. 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் இக்கரையில் நிலைகொண்ட இடங்களில் இதுவும் சேர்ந்தது. 1658-இல் தூத்துக்குடி ஒல்லாந்தர் வசமாயிற்று. போர்த்துகீசியர் ஆட்சி அகன்றது. ஆயினும் சாவி, மேசை, ஜன்னல், அலமாரி முதலிய அவர்களுடைய சொற்கள் தமிழில் நிலைத்துவிட்டன. அவ்வாறு வந்து, தற்காலத்தில் பெரும்பாலும் மறைந்துபோன சொல் ஒன்று உண்டு. அதுவே லேஞ்சி.

லேஞ்சி என்பது கைக்குட்டை. ஆளிச் செடிக்கு லத்தீன் மொழியில் 'லீனும்' என்று பெயர். அதன் நாரினால் நெய்த துணி 'லிந்தேயும்' எனப்பட்டது. அச்சொல் போர்த்துகீசியத்தில் 'லென்சோ' ஆகி, தமிழில் லேஞ்சி என்றும் சிங்களத்தில் 'லேன்சுவ' என்றும் திரிந்தது. இந்நாளில் கடைகளில் விற்கும் 'லினன்' துணியின் பெயரும் அவ்வேரில் பிறந்ததே.

சொல் கப்பலேறி வந்தது, நார்ப்பயிர் வரவில்லை. தமிழ்நாட்டில் லேஞ்சி என்று வழங்கியது பருத்தித் துணியே. பழவேற்காட்டின் பெயரால் அயல்நாடுகளில் புகழ்பெற்ற கைக்குட்டைகளும் பருத்தி நூலில் நெய்யப்பட்டவையே. ஆளியின் பெயர் துணியின் வடிவுக்கு மட்டும் உரியதாகி, நாரைப் பற்றிய நினைவு அற்றுப்போயிற்று.

இதற்குக் காரணம் நிலமும் பருவமுமே. நாருக்குரிய ஆளி குளிர்ச்சியும் ஈரமும் மிக்க இடங்களில் செழிக்கும். பிரான்சு, பெல்ஜியம், நெதர்லாந்து ஆகிய நாடுகளின் கடலோர நிலங்கள் அதற்குப் பேர்போனவை. அங்கே விதையை மிக நெருக்கமாக விதைத்து, செடி கிளைவிடாமல் உயர்ந்து வளரச் செய்வர். விதைத்து ஏறக்குறைய 100 நாளில், அறுக்காமல் வேரோடு பிடுங்கி, பனியிலோ நீரிலோ ஊறவைத்து நாரைப் பிரிப்பர். இந்தியாவில் பயிராகும் ஆளி பெரும்பாலும் எண்ணெய் வித்துக்கானது. அது குட்டையாய்க் கிளைத்து வளர்வதால், நெசவுக்கேற்ற நீண்ட நார் அதில் கிடைப்பதரிது.

ஆகையால், லினன் துணியின் விலையைக் கேட்டு, ஆளி விதையை வாங்கி நாருக்கென விதைக்க முற்படுவோர் முன்னதாக ஆராய்தல் வேண்டும். எண்ணெய் இரகமா, நார் இரகமா என்பதையும், நாரை ஊறவைத்துப் பிரிக்கும் ஆலை அருகில் உண்டா என்பதையும் விசாரித்தறியாமல் பணத்தைச் செலவிடலாகாது. திருநெல்வேலி, தூத்துக்குடிக் கரிசல் நிலங்களுக்கு இசைந்த நார்ப்பயிர் பருத்தி என்பதை நெடுநாள் அனுபவம் காட்டியுள்ளது. 1901-இல் கோவில்பட்டியில் விவசாய ஆராய்ச்சிப் பண்ணை ஏற்பட்டதும் இக்கரிசல் நிலத்தை முன்னிட்டே.

கிராம அதிகாரிகள், முதியோர் வாயில் வழங்கும் இத்தகைய துணிப்பெயர்களையும் விதைப்பெயர்களையும் கேட்டு எழுதிவைத்தல் நலம். பெயர் எங்கிருந்தும் வரக்கூடும். பயிரோ மண்ணுக்கு இசைந்தாலன்றி நிலைப்பதில்லை.