கலப்பை வருமுன் காடு திருத்திய மரி ரொலே! தெரியுமா உங்களுக்கு?

கனடாவுக்குக் குடும்பத்தோடு வந்து, நிலம் திருத்தி, அங்கேயே வேரூன்றிய முதல் பிரெஞ்சுப் பெண் யார் தெரியுமா? மரி ரொலே! பாரிஸ்காரி. கணவர் லூயி எபேர் அங்கே மருந்து தயாரித்து விற்றவர். 1617-ல் இருவரும் வீடு, தோட்டத்தை விற்றுவிட்டு, மூன்று பிள்ளைகளோடு ஓன்ஃப்ளர் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தார்கள். கப்பல் ஏறும் நேரத்தில்தான் விழுந்தது அடி! ஆண்டுக்கு 600 லிவ்ர் சம்பளம் என்று பேசியிருந்த கம்பெனி, 300-தான் தருவோம் என்றது. போதாக்குறைக்கு, மனைவி மக்களும் சம்பளமில்லாமல் கம்பெனிக்கே உழைக்க வேண்டுமாம். வீட்டை விற்றாகிவிட்டது, திரும்பிப் போக இடமேது? கையெழுத்துப் போட்டார்கள்.

ஏன் இந்தக் கெடுபிடி? கம்பெனிக்கு வேண்டியது பீவர் தோல். குடியானவர்கள் பெருகினால் தோல் வியாபாரம் கெடும் என்று அது நினைத்தது.

அவர்கள் போய் இறங்கிய கியூபெக், 1608-ல் ஷாம்ப்ளேன் தொடங்கிய குடியிருப்பு. பத்து ஆண்டு கழித்தும் அங்கே நூறு பிரெஞ்சுக்காரர்கள்கூட இல்லை! வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். குளிர்காலத்தில் ஆறே உறைந்துபோகும்; வசந்தம் வரும்வரை ஒரு கப்பலும் எட்டிப் பார்க்காது. ஷாம்ப்ளேனின் மனைவி எலேன் பூல்லேயே 1620-ல் வந்து, நான்கு ஆண்டில் பிரான்ஸ் திரும்பிவிட்டார் என்றால் பாருங்கள்.

மரி திரும்பவில்லை. மூத்த மகள் ஆன் கல்யாணமாகி, 1619-ல் பிரசவத்தில் இறந்துபோனாள். அப்போதும் இல்லை. 1627 ஜனவரியில் கணவர் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து இறந்தார். அப்போதும் இல்லை!

இதைக் கேளுங்கள்: அந்தக் குடும்பம் கோதுமையும் பட்டாணியும் விளைவித்த நிலத்தில் ஏர் பூட்டியது எப்போது தெரியுமா? 1628 ஏப்ரலில்! அதுவரை சுமார் பத்து ஆண்டுகள் மரத்தை வெட்டியதும் வேரைப் பிடுங்கியதும் மண்ணைக் கொத்தியதும் கைக்கருவிகளால்தான். லூயி எபேர் அந்தக் கலப்பையைப் பார்க்கவே இல்லை. முதலில் உழுதவர் இரண்டாவது மகள் கியெமெத்தின் கணவர், கியோம் கூய்யார்.

அதே ஆண்டு ஆங்கிலேயருக்காகப் போரிட்ட கெர்க் சகோதரர்கள் உணவுக் கப்பல்களை வழிமறித்துப் பிடித்துக்கொண்டார்கள். கியூபெக்கில் பட்டினி. கோட்டைக்குள் இருந்தவர்கள் காட்டில் கிழங்கு தோண்டித் தின்றார்கள். பெயரளவுக்குத் தோட்டம் போட்டிருந்த ஊரில், உருப்படியாக விளைந்த நிலம் இந்தக் குடும்பத்தின் நிலம்தான். 1629 மே மாதம் மரி கியோம் ஊபூவை மறுமணம் செய்துகொண்டார். ஜூலையில் கியூபெக் வீழ்ந்தது. ஷாம்ப்ளேனும் பாதிரியார்களும் கப்பலேற்றப்பட்டார்கள். மரியின் குடும்பமோ பயிரை விட்டுப் போகாமல், அந்நியக் கொடியின் கீழ் மூன்று ஆண்டு காத்துக் கிடந்தது. 1632-ல் பிரெஞ்சுக்காரர்கள் திரும்பி வந்தபோது, ஜெசுயிட் பாதிரியார் போல் லெ ஜன் திருப்பலி நிறைவேற்றியது எங்கே? மரியின் வீட்டில்! அந்த வீட்டார் கண்ணீர் விட்டார்கள் என்று அவரே எழுதி வைத்திருக்கிறார்.

பிறகு பாதிரியார்கள் தங்களிடம் வந்த பூர்வகுடிச் சிறுமிகளை வளர்க்க அந்த வீட்டில்தான் விட்டார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு அது எப்படி இருந்தது என்பதை அவர்கள் வாயால் கேட்க நமக்கு வழியில்லை. மடகாஸ்கரிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு சிறுவனும் மருமகன் கூய்யாரிடம் வந்து சேர்ந்தான். பின்னாளில் ஒலிவியே லெ ஜன் என்று பெயர் பெற்ற அவன்தான், கனடாவில் பதிவான முதல் ஆப்பிரிக்க அடிமை. மரியின் உழைப்பைக் கொண்டாடும்போது இதை மறைக்கக் கூடாது. வேரூன்றிய அந்த மண் வேறு மக்களுடையது என்பதையும்தான்.

1649 மே மாதம் மரி இறந்தார். முப்பத்திரண்டு ஆண்டு கியூபெக் வாழ்வு! மகள் கியெமெத்துக்குப் பத்துப் பிள்ளைகள். அவர்கள் வழி வந்த பிரெஞ்சுக் கனடியர்கள் இன்று ஏராளம்.

கியூபெக்கின் மோன்மொரன்சி பூங்காவில் 1918-ல் திறக்கப்பட்ட நினைவுச்சின்னம் ஒன்று இப்போது நிற்கிறது. கதிர்க்கட்டை உயர்த்திப் பிடித்தபடி உச்சியில் லூயி எபேர்; கீழே, பீடத்தின் ஒரு பக்கத்தில், பிள்ளைகளோடு மரி. பத்தாண்டு உழைத்தவருக்கு உச்சி. முப்பத்திரண்டு ஆண்டு தாங்கியவருக்குப் பக்கவாட்டில் இடம்! என்னைக் கேட்டால், இருவரையும் ஒரே உயரத்தில் நிறுத்தியிருக்க வேண்டும்.