மேலே ‘சார்’, கீழே ‘ஸ்வீட்டி’

தில்லி நேரு பிளேஸில் நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் ஒரு மேலாளர் இருந்தார். கலகலப்பான மனிதர். தீபாவளிக்கு எல்லோர் மேஜையிலும் சோன்பப்டி டப்பா வைப்பார். தலைமை அலுவலகத்திலிருந்து ஃபோன் வந்தால், ‘யெஸ் சார், பில்குல் சார்’ என்று நாற்காலியிலிருந்து அரை அங்குலம் எழும்பியே பேசுவார். ரிசீவரை வைத்த கையோடு எதிர் மேஜைப் பெண்ணைப் பார்த்து, ‘ஸ்வீட்டி, வோ ஃபைல் லா தோ’ என்பார். அந்தப் பெண் கும்பகோணத்துக்காரி, தில்லிக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பெயர் தெரிகிற மாதிரி திருப்பிப் போட்டுக்கொண்டுதான் ஃபைலை எடுத்துப் போவாள். அவர் அதை ஒரு நாளும் படித்ததாகத் தெரியவில்லை.

தலைமை அலுவலகத்தில் ஒரு பெண் இயக்குநரும் இருந்தார். அவரை நம் மேலாளர் ‘ஸ்வீட்டி’ என்று கூப்பிட்டதில்லை, ‘மேடம்’ என்றுதான். எனக்கு விஷயம் புரிந்தது அங்கேதான். இந்தச் செல்லச் சொற்கள் தண்ணீர் மாதிரி, பள்ளத்தை நோக்கித்தான் பாயும்.

தில்லி அலுவலகங்களில் விளிப்புச் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. பெயரோடு ஒரு ‘ஜி’ சேர்த்தால் மரியாதை தீர்ந்தது. வயதில் மூத்தவர்கள் ஆண் பெண் பார்க்காமல் ‘பேட்டா’ என்பார்கள். சமவயதுக்காரர்களுக்குள் ‘யார்’. இதுவரை யாருக்கும் பெரிய வருத்தமில்லை. அதற்குப் பிறகுதான் ‘டியர்’, ‘ஸ்வீட்டி’, ‘பேபி’, ‘டார்லிங்’, ‘ஜான்’ என்று படி இறங்குகிறது. நம் ஊரும் சளைத்ததில்லை. கோவைப் பக்கம் ‘கண்ணு’, சென்னையில் ‘என்னம்மா’, ‘சொல்லுடா’. டீ கொண்டுவரும் வயதான அம்மா ‘குடி கண்ணு’ என்றால் டீ இன்னும் கொஞ்சம் இனிக்கும். அதே ‘கண்ணு’வை இரவு பதினோரு மணிக்கு மேலதிகாரி வாட்ஸ்அப்பில் அனுப்பினால் வயிற்றைப் பிசையும்.

எந்தச் சொல் குற்றம் என்று சட்டம் பட்டியல் போடவில்லை, போடவும் முடியாது. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், அதாவது எல்லோரும் போஷ் என்று சொல்லும் சட்டம், அந்த ஆண்டு டிசம்பர் 9 முதல் நடைமுறையில் இருக்கிறது. தொடுவது, நெருங்கி வருவது, பாலுறவுச் சலுகை கேட்பது, பாலியல் சாயலோடு பேசுவது, ஆபாசப் படம் காட்டுவது, பாலியல் தன்மையுள்ள வேறு எந்தச் சொல்லும் செயலும் சைகையும் அதன் வரம்பில் வரும். எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கும் அடைமொழி ஒன்றுதான்: விரும்பத்தகாத. சொல்கிறவருடைய விருப்பத்தைப் பற்றி அல்ல, கேட்கிறவளுடைய விருப்பத்தைப் பற்றித்தான் அங்கே பேச்சு.

இந்தப் புரிதல் சும்மா வந்துவிடவில்லை. அதில் தில்லிக்கு ஒரு பங்கு உண்டு. 1988 ஆகஸ்டில் தில்லி தாஜ் பேலஸ் ஹோட்டலில் ஒரு சம்பவம். ஆடை ஏற்றுமதி மேம்பாட்டுக் கவுன்சில் தலைவரின் தனிச் செயலர், டிக்டேஷன் எடுப்பதற்காக ஒரு பெண் ஊழியரை அங்கே அழைத்துப் போய், ஒட்டி ஒட்டி உட்கார்ந்து தொல்லை கொடுத்தார் என்று புகார். விசாரித்து அவரை வேலையை விட்டு நீக்கினார்கள். தில்லி உயர் நீதிமன்றமோ, அவர் முயன்றார், ஆனால் தொடவில்லை என்று சொல்லி அவர் பக்கம் சாய்ந்தது. 1999 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது. தொட்டால்தான் துன்புறுத்தல் என்பதில்லை, நடந்ததை மொத்தமாகப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, பணி நீக்கம் சரியே என்றது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க 1997-இல் உச்ச நீதிமன்றம் வழிகாட்டுதல்கள் வகுத்த விசாகா தீர்ப்பு போட்ட பாதையில் வைத்த அடுத்த அடி அது. சம்பவத்துக்கும் தீர்ப்புக்கும் நடுவே பத்தரை ஆண்டு ஓடியிருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

2010-இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் ஒரு பெண் மருத்துவரின் வழக்கு. நீதிபதி எஸ். முரளிதர், சென்னையில் வழக்கறிஞராகத் தொடங்கியவர். ஆணுக்கு ‘இதில் என்ன இருக்கிறது’ என்று தோன்றுவது பெண்ணுக்கு அப்படித் தோன்றாமல் இருக்கலாம், புகாரை விசாரிப்பவர்கள் அவள் நிற்கும் இடத்திலிருந்து பார்க்க வேண்டும் என்பது அவருடைய தீர்ப்பின் சாரம். 2025 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆர்.என். மஞ்சுளா, ஒரு மென்பொருள் நிறுவன வழக்கில் இன்னும் நேராகவே சொன்னார்: செய்தவரின் உள்நோக்கத்தைவிட, அது எப்படி உணரப்பட்டது என்பதே முக்கியம். ‘நான் சாதாரணமாகத்தான் சொன்னேன்’ என்ற பழைய பல்லவி இனி அவ்வளவு சுலபமாக எடுபடாது.

‘டார்லிங்’ என்ற சொல்லே நேராகக் கூண்டேறிய வழக்கும் உண்டு. அந்தமானில், 2015 துர்கா பூஜை நேரம். ரோந்துப் பணியில் இருந்த பெண் காவலரைப் பார்த்துக் குடிபோதையில் ஒருவர், ‘என்ன டார்லிங், சலான் போட வந்தாயா’ என்று கேட்டார். 2024-இல் கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் போர்ட் பிளேர் அமர்வு, முன்பின் தெரியாத பெண்ணை அப்படி அழைப்பது பாலியல் சாயல் கொண்ட பேச்சுதான் என்று சொல்லி, அவர் குற்றவாளி என்பதை உறுதி செய்தது. மூன்று மாதச் சிறையை மட்டும் ஒரு மாதமாகக் குறைத்தது. அந்தப் பெண்ணுக்குத் தெருதான் பணியிடம் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த வழக்கு நமக்கும் பக்கத்து வழக்குதான்.

எதைச் சொன்னாலும் வழக்கு என்று பயப்படுகிறவர்களுக்கு இன்னொன்று. ஒரு வங்கிப் பயிற்சி வகுப்பில் பெண் ஊழியரிடம், நீண்ட கூந்தலைச் சமாளிக்க ஜேசிபி இயந்திரம் வைத்திருப்பாரோ என்று ஜோக் அடித்து, பழைய இந்திப் பாட்டில் இரண்டு வரி பாடிய அதிகாரியின் வழக்கில், அது பாலியல் துன்புறுத்தல் ஆகாது என்று 2025 மார்ச்சில் பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனக்கு அந்த ஜோக் பிடிக்கவில்லை. ஆனால் அசட்டுத்தனம் எல்லாமே இந்தச் சட்டத்துக்குள் வந்துவிடாது. ஐம்பது வயது அதிகாரி முப்பத்தைந்து வயது பொறியாளரைக் கூட்டத்தில் ‘பேட்டா’ என்று தட்டிக்கொடுத்தால் அவர் சிறுமைப்படலாம். பாலியல் சாயல் இல்லாதவரை அது நிர்வாகத்திடமோ மனிதவளத் துறையிடமோ சொல்ல வேண்டிய விஷயம். இரண்டையும் போட்டுக் குழப்பினால் உண்மையான புகாருக்குத்தான் பலவீனம்.

சரி, தினமும் ‘டியர்’ கேட்டுக் கூசுகிற பெண் என்ன செய்வது? முடிந்தால் ஒரு முறை சொல்லிவிடுங்கள்: ‘சார், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.’ ஒரே வரி போதும், விளக்கம் வேண்டாம். நேரில் சொல்ல வாய் வரவில்லை என்றால் மின்னஞ்சலில், வேலை விஷயத்தோடு சேர்த்தே எழுதலாம். அதற்குப் பிறகும் தொடர்ந்தால், விரும்பவில்லை என்பது அவருக்குத் தெரியாது என்று யாரும் வாதாட முடியாது. சொல்லவில்லை என்பதற்காகப் புகார் செல்லாமல் போய்விடாது. மேலதிகாரி முன்னால் வாய் அடைத்துப் போவது யாருக்கும் தெரிந்ததுதான். வாட்ஸ்அப் செய்திகளை எரிச்சலில் அழித்துவிடாதீர்கள். தேதி, இடம், யார் கூட இருந்தார்கள் என்று டைரியில் இரண்டு வரி எழுதி வையுங்கள்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் உள் புகார்க் குழு இருந்தாக வேண்டும். தலைமை வகிப்பவர் மூத்த பெண் ஊழியர், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். குழு அமைத்த உத்தரவை எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் ஒட்ட வேண்டியது முதலாளியின் கடமை. குழுவே அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். கடைசிச் சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். எழுதத் தெரியாது, முடியாது என்றால் எழுதித் தர உதவ வேண்டியதும் குழுதான். விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். இரு தரப்பும் வக்கீலை அழைத்துவர முடியாது.

பலர் கேட்டுப் பெறாமல் விடுவது இடைக்கால நிவாரணம். விசாரணை முடியும்வரை உங்களையோ அவரையோ இடம் மாற்றச் சொல்லலாம், மூன்று மாதம் வரை கூடுதல் விடுப்பு கேட்கலாம். உங்கள் ஆண்டு மதிப்பீட்டை அவர் எழுதக் கூடாது, வேறொருவர் எழுத வேண்டும் என்றும் கேட்கலாம். என்னைக் கேட்டால் கடைசியில் சொன்னதுதான் மிகவும் உதவும். பயத்தின் வேர் இருப்பது அந்த மதிப்பீட்டுத் தாளில்தானே.

‘பேசித் தீர்த்துக்கொள்ளலாமே’ என்று குழுவே ஆரம்பித்தால் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. சமரசம் பெண் கேட்டால் மட்டும்தான், அதிலும் பணம் பேசக் கூடாது. நிரூபிக்க முடியாமல் போனால் பொய்ப் புகார் என்று தண்டிப்பார்களோ என்ற பயமும் வேண்டாம். நிரூபிக்க இயலாதது வேறு, வேண்டுமென்றே பொய் சொல்வது வேறு என்று சட்டமே பிரித்து வைத்திருக்கிறது. புகாரின் விவரங்களை வெளியிடுவது மட்டும் கூடாது. அது இரு தரப்புக்கும் பொருந்தும்.

தொல்லை தருபவர் வேறு துறைக்காரராக இருந்தால்? அமைச்சகக் கட்டடங்கள் நிறைந்த தில்லியில் இது நிஜமான சிக்கல். பெண் வேலை பார்க்கும் இடத்துக் குழுவே அந்தப் புகாரை விசாரிக்கலாம் என்று 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது.

பத்துப் பேருக்குக் குறைவான இடம், அல்லது புகாரே முதலாளி மேல் என்றால் மாவட்டத்து உள்ளூர்க் குழுவிடம் போக வேண்டும். வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கும் இதுதான் வழி. ஜங்புரா பக்கம் மதராசி கேம்ப்பிலிருந்து சுற்றுவட்டார வீடுகளுக்குப் பாத்திரம் தேய்க்கவும் சமைக்கவும் போய்வந்த தமிழ்ப் பெண்கள் எத்தனையோ பேர். 2025 ஜூனில் அந்தக் குடியிருப்பை இடித்த பிறகு சிலர் நரேலாவுக்குப் போய்விட்டார்கள். வீட்டுக்காரர் ‘ஜான்’ என்று கூப்பிட்டால் கேட்க ஒரு குழு இருக்கிறது என்று அவர்களிடம் யார் சொல்லியிருக்கிறார்கள்? இணையம் பழகியவர்கள் மத்திய அரசின் ஷீ-பாக்ஸ் தளத்திலும் புகாரைப் பதியலாம். விஷயம் முற்றினால் காவல் நிலையம் இருக்கிறது: பாலியல் சாயல் கொண்ட பேச்சுக்கு பாரதிய நியாய சன்ஹிதா 75-ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை.

ஆண்களும் கூசுவதுண்டு. பெண் மேலதிகாரி ‘ஹேண்ட்சம்’ என்று கூப்பிடும்போது நெளியும் பையனை நான் பார்த்திருக்கிறேன். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களுக்கானது. அவனுக்கு உதவுவது நிறுவனத்தின் நடத்தை விதிகள்தான். அவை பால் பார்க்காமல் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று வேலையில் சேரும்போதே பார்த்துக்கொள்வது நல்லது.

கும்பகோணத்துப் பெண் ஒரு நாள் ஃபைலை மேஜையில் வைத்துவிட்டு, தன் பெயரை மட்டும் சொன்னாள். மூன்று எழுத்துப் பெயர். மேலாளர் சிரித்து மழுப்பினார். அடுத்த நாளிலிருந்து அவளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார், கொஞ்சம் முறைப்பாக. விசாகா வழிகாட்டுதல்கள் வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது. எங்கள் அறிவிப்புப் பலகையில் விடுமுறைப் பட்டியலும் கேன்டீன் விலைப்பட்டியலும்தான் தொங்கின. ஏப்ரலில் இன்னொரு பெண் புதிதாகச் சேர்ந்தாள். காலை பத்தரைக்கு அவளை ‘ஸ்வீட்டி’ என்று கூப்பிட்ட குரல் எங்கள் மேஜை வரை கேட்டது.