பேர்ணஸின் புகை வெளியே போகிறதா?

இங்கே எங்கள் குசினிகளில் புகை கண்ணுக்குத் தெரியும். விறகு ஈரமாக இருந்தால் கண் எரியும், இருமல் வரும், யாராவது எழும்பிப்போய் ஜன்னலைத் திறப்பார்கள். மிச்சப் புகை ஓட்டு இடுக்காலும் கிடுகு இடுக்காலும் தானாகவே போய்விடும். நீங்கள் போய் இறங்கப்போகும் கனடிய வீடு அப்படிப்பட்டதல்ல. குளிர் நுழையாதபடி சுவர், கதவு, ஜன்னல் எல்லாம் இறுக்கமாக அடைத்துக் கட்டப்பட்டிருக்கும். அந்த வீட்டுக்குள்ளே, பெரும்பாலும் நிலக்கீழ்த் தளத்தில், ஓர் எரிவாயு அடுப்பு குளிர்காலம் முழுவதும் இரவும் பகலும் விட்டுவிட்டு எரிந்துகொண்டிருக்கும். அதைத்தான் அங்கே பேர்ணஸ் என்கிறார்கள்.

ரொறன்ரோ பகுதிக்குப் போகும் எங்கள் குடும்பங்களில் பல முதலில் குடியிருப்பது உறவினர் அல்லது ஊரவர் ஒருவரின் வீட்டுப் பேஸ்மன்டில்தான். பேர்ணஸ் இருப்பதும் அங்கேதான். அதற்கு அடுத்த அறையில் பிள்ளைகளோடு படுக்கப்போவது நீங்கள் என்பதால், வீட்டுக்காரரைவிட உங்களுக்கே இது கூடுதலாகத் தெரிந்திருக்க வேண்டும். (உயர்ந்த மாடிக் கட்டடங்களில் குடியேறுபவர்களுக்கு இதில் பெரும்பகுதி பொருந்தாது. அங்கே சூடாக்குவதைக் கட்டட நிர்வாகம் பார்த்துக்கொள்ளும்.)

பேர்ணஸுக்குள் இரண்டு காற்று ஓடுகிறது. ஒன்று வீட்டுக் காற்று. விசிறி அதை இழுத்து, சூடான உலோகச் சுவரில் பட வைத்து, குழாய்கள் வழியாக அறைகளுக்கு அனுப்பும். மற்றது அந்த உலோகச் சுவரின் மறுபக்கத்தில் எரிவாயு எரிந்த பின் மிஞ்சும் புகை. அது புகைக்குழாய் வழியாக வெளியே போகவேண்டும். இரண்டும் எங்கேயும் கலக்கக்கூடாது.

போதிய காற்றோடு எரிவாயு எரிந்தால் காபனீரொட்சைட்டும் நீராவியும் வரும். காற்றுப் போதாவிட்டால், அல்லது புகைக்குழாய் அடைபட்டுப் புகை திரும்பி வந்தால், காபனோரொட்சைட்டு உருவாகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணும் எரியாது. இரத்தத்தில் ஒட்சிசன் ஒட்டவேண்டிய இடத்தில், ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக அது ஒட்டிக்கொள்ளும். எரிவாயு கசிந்தால் அழுகிய முட்டை போல மணக்கும். அந்த மணத்தை நிறுவனங்கள் வேண்டுமென்றே சேர்க்கின்றன. அதை நம்பி, "மணம் ஒன்றும் வரவில்லை, பயமில்லை" என்று இருந்துவிடாதீர்கள். எரிந்த பின் வரும் நஞ்சுக்கு அந்த மணம் இருக்காது.

2008 டிசெம்பரில் ஒன்ராறியோவின் வூட்ஸ்ரொக் நகரில் லோரி ஹோக்கின்ஸ் என்ற பொலிஸ் உத்தியோகத்தரும், அவருடைய கணவரும், இரண்டு பிள்ளைகளும் தங்கள் வீட்டிலேயே இப்படி இறந்தார்கள். எரிவாயுக் கணப்பின் புகைக்குழாய் அடைபட்டிருந்தது. வீட்டில் எச்சரிக்கைக் கருவி இருக்கவில்லை. அந்தக் குடும்பத்தின் பெயரிலேயே 2013 இல் ஒன்ராறியோவில் சட்டம் வந்தது. எரிவாயு போன்ற எரிபொருளில் இயங்கும் சாதனம் உள்ள வீட்டில், படுக்கையறைகளுக்கு அருகே காபனோரொட்சைட்டு எச்சரிக்கைக் கருவி இருக்கவேண்டும். வாடகை வீட்டில் அதைப் பூட்டிக்கொடுத்துப் பராமரிக்க வேண்டியவர் வீட்டுக்காரர். அதைக் கழற்றவோ பற்றரியை எடுக்கவோ குடியிருப்பவருக்கு அனுமதியில்லை.

குழாயைப் பாருங்கள்

வீட்டுக்குப் போன முதல் வாரத்திலேயே பேர்ணஸ் அறையைத் திறந்து பாருங்கள். பேர்ணஸிலிருந்து வெள்ளை, சாம்பல் அல்லது கறுப்பு நிறப் பிளாஸ்ரிக் குழாய்கள், இங்கே எஸ்லோன் பைப் என்போமே அதைப் போல, பக்கச் சுவரால் வெளியே போனால் அது புதிய வகை. எரிவாயுவின் சூட்டை அது கிட்டத்தட்ட முழுவதும் எடுத்துவிடுவதால் புகை ஆறியே வரும், பிளாஸ்ரிக் தாங்கும். 2009 இறுதிக்குப் பிறகு கனடாவுக்கெனச் செய்யப்படும் வீட்டுப் பேர்ணஸ்கள் பொதுவாக இந்த வகைதான். தகரக் குழாய் ஒன்று மேல்நோக்கிச் சரிந்து புகைக்கூட்டுக்குள் போனால் அது பழைய வகை.

புதிய வகையின் ஆபத்து வெளியே இருக்கிறது. குழாயின் வாய் வீட்டின் பக்கச் சுவரில், நிலத்திலிருந்து ஒரு முழம் உயரத்தில்கூட இருக்கலாம். பனி கொட்டிய காலையில் நடைபாதையைத் துப்புரவாக்குபவர் வாரிய பனியை அந்தச் சுவரோரமாகவே குவித்துவிடுவார். குழாய் மூடுபட்டால் பெரும்பாலும் பேர்ணஸ் தானாக நின்றுவிடும், வீடு குளிரும். பெரும்பாலும் என்றுதான் சொல்கிறோம். ஒவ்வொரு பனிக்கொட்டலுக்குப் பிறகும் குழாயைச் சுற்றி ஒரு மீற்றர் அளவுக்குப் பனியைக் கையால் அகற்றுங்கள். வாயில் தொங்கும் பனிக்கட்டியைச் சவளால் அடித்து உடைக்காதீர்கள், குழாய் வெடிக்கும். எலி புகும் என்று நீங்களாக வலை கட்டவும் வேண்டாம். அந்த வலையில் ஈரம் உறைந்து அடைத்துக்கொள்ளும்.

பழைய வகையில் தகரக் குழாயின் மூட்டுகளைப் பாருங்கள். மூட்டு கழன்றிருப்பது, துரு ஓட்டை, கரி படிந்த அடையாளம், குழாய் நடுவில் தொய்ந்து கீழிறங்குவது ஆகியவற்றில் எதைக் கண்டாலும் அன்றைக்கே சொல்லவேண்டும்.

பேர்ணஸைப் புதிதாக மாற்றிய வீடுகளிலும் சுடுதண்ணீர்த் தாங்கி பழைய புகைக்கூட்டிலேயே தனியாக விடப்பட்டிருப்பதுண்டு. முன்பு இரண்டு சாதனங்களின் சூடு சேர்ந்து புகையை மேலே தள்ளிய கூடு அது. இப்போது ஒன்றின் சூடு போதாமல் புகை திரும்பி இறங்கலாம். அதிலும் எங்கள் சமையல் ஒரு காரணம். மிளகாய் வறுக்கும்போது அடுப்புக்கு மேலுள்ள விசிறியை முழு வேகத்தில் விடுவோம். அதே நேரத்தில் குளியலறை விசிறியும் உடுப்பு உலர்த்தியும் ஓடினால், இறுக்கமான வீட்டிலிருந்து இவ்வளவு காற்றும் வெளியே போகிறது. அதற்குப் பதில் காற்று எங்கிருந்தோ வந்தாக வேண்டும். எளிதான வழி புகைக்கூடாக இருந்தால், புகையோடு சேர்ந்தே இறங்கும்.

இதை நீங்களே பார்க்கலாம். எரிவாயு மணம் இல்லாத நேரத்தில் ஜன்னல்களை மூடி, எல்லா விசிறிகளையும் போட்டு, சுடுதண்ணீரைத் திறந்து தாங்கியின் அடுப்பை எரியவிடுங்கள். ஐந்து நிமிடம் கழித்து, தாங்கியின் உச்சியில் குழாய்க்குக் கீழே தொப்பி போல இருக்கும் தகரத்தின் இடைவெளியருகே ஓர் ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை உள்ளே இழுபட்டால் நல்லது. உங்கள் பக்கம் திரும்பி வந்தால் விசிறிகளை நிறுத்தி, ஜன்னல்களைத் திறந்து, வீட்டுக்காரரை அழையுங்கள். தொழில்நுட்பவியலாளர் பார்க்கும்வரை சுடுதண்ணீர் வேண்டாம்.

குளிர்காற்று வரும் துவாரம்

பேர்ணஸ் அறையில் எங்கிருந்தோ ஐஸ் போலக் குளிர்காற்று வரும். தேடிப் பார்த்தால் வெளிச்சுவரிலிருந்து ஒரு வளைகுழாய் இறங்கி நிலத்தருகே வாய் திறந்திருக்கும். "வீட்டைச் சூடாக்கக் காசு கட்டுகிறோம், இது ஏன் திறந்து கிடக்கிறது?" என்று பழைய சாரத்தைத் திணித்து அடைப்பவர்கள் உண்டு. அடுப்பு எரிவதற்கான காற்று வருவதே அந்தத் துவாரத்தால்தான். அடைக்கக் கூடாது. அதே காரணத்துக்காகப் பேர்ணஸைச் சுற்றிச் சூட்கேசுகளையும் அரிசி மூட்டைகளையும் அடுக்க வேண்டாம். பெயின்ற், பெற்றோல் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. குளிர் தாங்கவில்லை என்று அவனைத் திறந்துவைத்தோ, கரி அடுப்பை உள்ளே கொண்டுவந்தோ சூடு காயாதீர்கள். சாம்பிராணிக்குச் சிரட்டைக்கரித் தணல் வைக்கும் வீடுகளில் ஜன்னலைச் சற்றுத் திறந்துவிட்டுச் செய்யுங்கள்.

காற்று வடிகட்டியை ஒன்று முதல் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை மாற்றுவது யாரும் செய்யக்கூடியது. மற்றவற்றைத் தொடக் கூடாது. ஒன்ராறியோவில் எரிவாயு வேலைக்கு உரிமம் தேவை. வருடத்துக்கு ஒருமுறை, குளிர் தொடங்குமுன், உரிமம் உள்ள ஒருவர் வந்து பார்க்கவேண்டும். "பைப் வேலை தெரிந்த தம்பி ஒருவன் இருக்கிறான், மலிவாகச் செய்வான்" என்றால் சம்மதிக்காதீர்கள்.

இதையெல்லாம் வீட்டுக்காரரிடம் கேட்பது சங்கடம்தான். தங்க இடம் தந்தவர், சொந்தக்காரர், வாடகையும் குறைத்திருக்கிறார். குற்றமாகச் சொல்லாமல் கேட்கலாம்: "அண்ணை, பேர்ணஸ் கடைசியாக எப்ப சேர்விஸ் செய்தது? கீழே அலாரம் வேலை செய்யுதா எண்டு ஒருக்கா பாப்பமே?" பெரும்பாலானவர்கள் மறந்திருப்பார்களே தவிர, மறுக்கமாட்டார்கள். மறுத்தாலோ இழுத்தடித்தாலோ நகரத் தீயணைப்புப் பிரிவிடம் அலாரம் இல்லை என்று முறையிட உங்களுக்கு உரிமை உண்டு. அது உங்கள் குடிவரவு நிலையைப் பாதிக்கும் விடயமல்ல.

அலாரம் அடித்தால்

தலையிடி, ஓங்காளம், தலைச்சுற்று, அசதி ஆகியவையே அறிகுறிகள். புதிதாகப் போனவர்கள் "ஊர்க் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை" என்று படுத்துவிடுகிறார்கள். காய்ச்சல் இல்லாமல், வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வந்து, வெளியே போனால் குறைந்து, திரும்பி வந்தால் கூடினால் அது குளிரல்ல.

காபனோரொட்சைட்டு அலாரம் நான்கு முறை அடித்து, சற்று நின்று, மீண்டும் நான்கு முறை அடிக்கும். நிமிடத்துக்கு ஒருமுறை அளவில் ஒரு சின்னக் கீச்சொலி வந்தால் பற்றரி முடிகிறது அல்லது கருவியின் காலம் முடிந்துவிட்டது. காலாவதித் திகதி கருவியில் இருக்கும். நான்கு முறை அடித்தால் காரணம் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். பிள்ளைகளையும் வயதானவர்களையும் எழுப்பி, ஜக்கெற்றைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியேறுங்கள். மேல்மாடியில் இருப்பவர்களையும் தட்டி எழுப்புங்கள். வெளியே நின்று 911 ஐ அழையுங்கள். ஆங்கிலம் வராவிட்டால் முகவரியைச் சொல்லி, "தமிழ்" என்று சொல்லுங்கள். ரொறன்ரோவில் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். பணம் கட்டவேண்டி வரும் என்று பயந்து அழைக்காமல் இருக்க வேண்டாம். வெளியே எவ்வளவு குளிராக இருந்தாலும், தீயணைப்புப் படையினர் கருவியால் அளந்து போகலாம் என்று சொல்லும்வரை யாரும் உள்ளே போகக் கூடாது, மறந்துவிட்ட கடவுச்சீட்டை எடுக்கவும்கூட.